குழிக்குள் வைத்த விளக்கு

1

நான் வேலை பார்க்கும் பட்டறையில் ஒரு சிவப்பு மெஷின் இருக்கிறது. காரின் ஏசியில் கை வைப்பதற்கு முன்னால் அதைத்தான் கொண்டுவந்து மாட்ட வேண்டும். இருபது நிமிடம் உறுமிக்கொண்டு, ஏசிக்குள் இருக்கும் கேஸை உறிஞ்சி ஒரு சிலிண்டரில் அடைத்துவிடும். சிலிண்டருக்கு அடியில் தராசு. எத்தனை கிராம் எடுத்தேன், எத்தனை கிராம் திரும்பப் போட்டேன் என்று நோட்டில் எழுதி, என் லைசென்ஸ் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பொட்டுக் கேஸ்கூடக் காற்றில் கலக்கக் கூடாது. கலந்தால் லைசென்ஸ் போகும், அபராதமும் வரும். இது ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு என்ற ஊர். இங்கே நான் வந்து ஆறு வருஷம் ஆகிறது.

விருத்தாசலத்தில் இதே வேலையை நானும் செய்தவன்தான். அங்கே மெஷின் கிடையாது. ஒரு நட்டைத் தளர்த்துவோம். புஸ்ஸென்று போய்விடும். அவ்வளவுதான் வேலை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவுக்குப் போன் செய்வது என் வழக்கம். என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போயிருப்பாள். மகள் தன் அறைக்குள் இருப்பாள். போன் கார்டைச் சுரண்டி, இருபது நம்பர் அழுத்தி, அக்கா எடுப்பதற்குள் டீ ஆறிவிடும். பத்து நாளைக்கு முன்னால் அப்படிப் பேசும்போது, மழை பெய்ததா, முட்டி வலி எப்படி இருக்கிறது என்பதெல்லாம் முடிந்த பிறகு அக்கா சொன்னாள்.

"தம்பி, மூணு அமாவாசையா பட்டறக் குழியில வெளக்கு நிக்க மாட்டேங்குதுடா. வெச்சா வெச்ச ஒடனே அணைஞ்சி போவுது. திரும்ப ஏத்துனா திரும்ப அணையுது."

"காத்தா இருக்கும்க்கா."

"குழிக்குள்ள ஏதுடா காத்து? திரி நல்ல திரி. எண்ணெ நல்ல எண்ணெ. போன தடவ அணைஞ்சப்ப கண்ணு வேற எரிஞ்சிது, தொண்ட கரகரங்குது. நல்லூரு பக்கம் குறி சொல்ற அம்மா ஒண்ணு இருக்குது. போயி கேட்டுட்டு வந்தேன். ஒங்க மாமா அங்கயே தவிக்கிறாராம். வர்ற அமாவாசைக்கு நானு அந்தக் குழிக்குள்ளயே ஒக்காந்துக்கிட்டு, அணைய அணைய ஏத்தணுமாம். ஒரு மணி நேரம்."

கார்டில் பதினெட்டு நிமிடம் இருக்கிறது என்று கார்டுக் கம்பெனியின் பதிவுக் குரல் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தது, அதில் பாதிகூட ஆகவில்லை. நான் கார்டு முடிந்துவிட்டது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த விளக்கு ஏன் அணைகிறது என்று எனக்குத் தெரியும். மாமா எப்படிச் செத்தார் என்றும் தெரியும். இரண்டும் ஒன்றுதான். அமாவாசைக்குப் பத்து நாள் இருந்தது.

2

மாமாவின் பெயர் பழமலை. எங்கள் ஊர்க் கோயில் சாமியின் பெயர்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ஒரு பழமலை இருப்பான். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து என்னை "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். பெண்ணாடம் ரோட்டில் அவருக்கு ஒரு பட்டறை. என்ஜின், கியர் பாக்ஸ், பிரேக் எல்லாம் அவர் வேலை. நான் சென்னையில் ஏசி வேலை கற்றுக்கொண்டு வந்ததும் ஒரு ஓரத்தில் எனக்கும் இடம் கொடுத்தார். அப்போதுதான் எங்கள் பக்கத்துக்கு ஏசி வைத்த வண்டிகள் வர ஆரம்பித்திருந்தன. மில் அதிகாரிகளின் கார், கல்யாணத்துக்கு ஓடும் டூரிஸ்ட் வேன் என்று ஒன்றிரண்டு.

பட்டறையின் பெருமை அதன் குழிதான். வண்டியை மேலே நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி வேலை பார்க்கும் குழி. மற்ற பட்டறைகளில் அது சிமெண்ட் பூசிய கறுப்புப் பொந்தாக இருக்கும். மாமா பீங்கான் கம்பெனியில் தள்ளிவிட்ட ஓடுகளை வாங்கிவந்து, அடியும் சுவரும் வெள்ளை வெளேரென்று பதித்திருந்தார். அக்கா அப்போதும் இப்போதும் பீங்கான் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். அகல் விளக்குக்கு மெருகு தோய்க்கும் வேலை. "பல்பு ஒண்ணு போட்டா போதும் மாப்ள, ஆப்பரேஷன் தேட்டரு மாதிரி இருக்குது பாரு" என்பார். வண்டி விட வருகிறவர்களை எல்லாம் குனிந்து பார்க்கச் சொல்வார். சிலர் வேண்டுமென்றே "எங்க வூட்டு பாத்ரூமே இப்டி இல்லீங்களே" என்று சொல்லி அவரைக் கிளப்பிவிடுவார்கள். அதற்கும் சந்தோஷப்படுவார்.

கேஸை ஏன் அந்தக் குழிக்குள் விட்டோம் என்று இங்கே யாராவது கேட்டால் விளக்குவது கஷ்டம். ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். பட்டறையைச் சுற்றிப் பீங்கான் மண் லாரி ஓடிக்கொண்டே இருக்கும். எதைத் தட்டினாலும் வெள்ளைத் தூசி. தரை மட்டத்தில் கேஸைத் திறந்துவிட்டால் அந்த வேகத்தில் தூசி எழும்பி, பக்கத்தில் பிரித்துப் போட்டிருக்கும் என்ஜினில் போய்ப் படியும். மாமா கத்துவார். அதனால் நான் ஒரு நீளக் குழாயை மாட்டி, மறு முனையைக் குழிக்குள் தொங்க விடுவேன். தூசி எழும்பாது. சத்தமும் குறைவு. இதைக் கண்டுபிடித்தது நான்தான். அன்றைக்கு மாமா என்னை மெச்சிக்கொண்டார்.

3

ஒரு சித்திரை மாதம். பெண்ணாடத்துக்காரர் ஒருவரின் ஏசி பஸ் வந்திருந்தது. பெரிய பஸ். கார்களில் இருப்பதைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு கேஸ் அதில் இருக்கும். கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் பழைய கேஸை வெளியேற்ற வேண்டும். அதே பஸ்ஸுக்குக் கிளட்ச் வேலையும் இருந்தது. மாமா குழிக்குள் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். மதியம் இரண்டு மணி. மேலே தகரக் கூரை. பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் குழாயைக் குழிக்குள் விட்டேன். வழக்கமாக அவர் மேலே ஏறிய பிறகுதான் விடுவேன். அதற்குக் காரணம் பயம் அல்ல. குழாய் துள்ளி அவர் மேல் எண்ணெய் தெளிக்கும், அவ்வளவுதான். அன்றைக்கு அவர் வேர்த்து ஊற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "மாமா, ஒங்களுக்கு ஏசி போட்டு வுடட்டுமா?" என்று கேட்டேன்.

"போடு மாப்ள. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

வால்வைத் திறந்தேன். வெள்ளைப் புகையாகக் குழியின் அடியில் படர்ந்தது. அந்தக் கேஸ் வெளியே வரும்போது எல்லாவற்றையும் குளிர வைத்துவிடும். மாமா சிரித்தார். "சில்லுனு இருக்குதுடா. ஏசி பஸ்ஸுல ஓசியில போற மாதிரி இருக்குது" என்றார்.

அவர் பேசிக் கேட்டது அதுதான் கடைசி. நான் கேஸை ஓட விட்டுவிட்டு, ஜங்ஷன் ரோட்டில் ஒரு பொருள் வாங்கப் போனேன். திரும்பிவர இருபது நிமிடம் ஆகியிருக்கும். மாமா வெள்ளை ஓட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்பானர் மடியில் கிடந்தது. தூங்குகிறார் என்று நினைத்து, "என்னா மாமா, ஏசி அவ்ளோ சொகமா இருக்குதா?" என்று கேட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

குதித்து இறங்கித் தூக்கினேன். எனக்கும் தலை கிறுகிறுவென்று சுற்றியது. பதற்றம் என்று நினைத்தேன். அதற்குள் நானும் அவர் மேலேயே சரிந்துவிட்டேன். பக்கத்து டயர் கடைக்காரர்கள் வந்து இரண்டு பேரையும் மேலே இழுத்துப் போட்டார்கள். எனக்கு முழிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

வெயில், நாற்பத்தைந்து வயது, பீடி. மாரடைப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். பார்த்த டாக்டரும் அதையே எழுதிக் கொடுத்தார். உடம்பை அறுத்துப் பார்க்க வேண்டாம் என்று அக்கா அவர் காலில் விழுந்து கேட்டாள். யாரும் அறுக்கவில்லை.

கடைசியாக என்ன சொன்னார் என்று அக்கா என்னிடம் கேட்டாள். சில்லென்று இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார் என்றேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. நிஜத்தைத்தான் சொன்னேன். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம், "சூடுன்னு சொல்லாம சில்லுனு இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நல்ல சாவு" என்று சொன்னாள். மாமா விழுந்த இடத்தில், தான் மெருகு போட்ட பீங்கான் அகலை வைத்து, அமாவாசைக்கு அமாவாசை விளக்கு ஏற்ற ஆரம்பித்தாள். குழிக்கு ஐந்து படி. முட்டி வலியோடு இறங்குவாள்.

4

இரண்டு வருஷம் கழித்து எனக்கு இந்த ஊருக்கு வர வழி கிடைத்தது. அனுபவம் உண்டு என்று காட்ட, வேலை பார்த்த இடத்தின் உரிமையாளர் கடிதம் தர வேண்டும் என்று விசா ஆபீஸில் கேட்டார்கள். மாமா இல்லை. பட்டறை அக்கா பேரில் மாறியிருந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தார்கள். "வாகன ஏசி கேஸைக் கையாள்வதில் மிகுந்த அனுபவமும் பொறுப்பும் உள்ளவர்" என்று அதில் இருந்தது. அக்கா கீழே தமிழில் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கடிதத்தின் நகல் இப்போதும் என் பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பார்ப்பதில்லை.

இங்கே வந்து இரண்டு வருஷத்தில், கேஸைத் தொடும் ஒவ்வொருவரும் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. முதலாளி டோனி நல்ல மனிதர். அவருடைய அப்பா இத்தாலியிலிருந்து வந்தவராம். ராஜேந்திரன் என்ற பெயர் வாயில் நுழையாமல் என்னை ரே என்று கூப்பிடுவார். அவர்தான் என்னை வகுப்புக்கு அனுப்பினார். தடிமனான ஒரு புத்தகம் கொடுத்தார்கள். என் இங்கிலீஷ் வண்டிக்காரர்களிடம் பேசப் போதும், புத்தகத்துக்குப் போதாது. மகள் யாழினிக்கு அப்போது ஒன்பது வயது. அடுப்படி மேசையில் உட்கார்ந்து, அவள் படித்துத் தமிழில் சொல்வாள். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். எங்கள் வீட்டில் அவள் நிறையத் தமிழ் பேசிய காலம் அதுதான்.

"அப்பா, இந்த கேஸ் காத்தவிட வெயிட்டாம். அதனால கீழ போயி தங்கிடுமாம். குழி மாதிரி இடத்துல விடவே கூடாதாம்."

"ஏன்?"

"அங்க இருக்கற காத்த வெளிய தள்ளிடுமாம். உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு விட ஒண்ணும் இருக்காது. வாசன வராது, இருமல் வராது. அவங்களுக்குத் தெரியவே தெரியாதாம். அப்படியே தூங்கற மாதிரி செத்துடுவாங்களாம்."

"இன்னொரு வாட்டி படிம்மா."

படித்தாள். மறுபடியும் படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்த் துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளை ஓடும் மடியில் கிடந்த ஸ்பானரும் எனக்குச் சுற்றிய தலையும் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.

பரீட்சையில் அதையே கேட்டார்கள். கேஸை எங்கே வெளியேற்றக் கூடாது, ஏன்? சரியான விடை எழுதினேன். என் போட்டோ ஒட்டிய அட்டை தபாலில் வந்தது. டோனி கேக் வாங்கி வெட்டினார்.

5

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் மாமா திரும்பி வரப் போகிறாரா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். நல்ல சாவு என்று நம்பிக்கொண்டிருக்கிறவளிடம் அதைப் பிடுங்குவானேன் என்றும் சொல்லிக்கொண்டேன். பெரிய மனசு போல் தெரியும். உள்ளே இருந்தது பயம். அக்கா என்னோடு பேசாமல் போய்விட்டால் ஊரில் எனக்கென்று யாரும் இல்லை.

பட்டறை அப்போது பூட்டிக் கிடந்தது. குழிக்குள் விளக்கைத் தவிர ஒன்றும் இல்லை. ஆபத்தில்லை என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா போனில், பட்டறையை வாடகைக்கு விட்டாயிற்று, பாபு என்று ஒரு பையன், உன்னைப் போல ஏசி வேலைதான், அமாவாசைக்கு நான் விளக்கு வைக்க வருவதற்கு ஒத்துக்கொண்டான் என்று சொன்னாள். அப்போதும் நான் சொன்னது என்ன தெரியுமா? "அக்கா, அந்தக் குழியில எறங்காத. பாம்பு கீம்பு இருக்கும்" என்றேன்.

அக்கா சிரித்தாள். "ஓடு பதிச்ச குழியில பாம்பு எப்டிடா வழுக்காம ஏறும்?"

நானும் சிரித்தேன். அவ்வளவுதான் நான் கொடுத்த எச்சரிக்கை. இங்கே மூன்று கிராம் குறைந்தால் தராசை இரண்டு தடவை பார்க்கிறவன் நான்.

6

கார்டு முடிந்துவிட்டது என்று பொய் சொன்ன அந்த ஞாயிறுக்குப் பிறகு ஆறு நாள் வேலைக்குப் போனேன். ஆறு நாளும் சிவப்பு மெஷின் உறுமியது. அது உறிஞ்சி முடிக்கும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். டோனி, "உடம்பு சரியில்லையா ரே?" என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கிறேன் என்றேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு கார்டு வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அமாவாசை புதன்கிழமை. முதலில் பாதியை மட்டும் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன்.

"அக்கா, வெளக்கு அணையறது மாமா இல்ல. பாபு ஏசி கேஸைக் குழிக்குள்ள வுடறான். அது அடியில நின்னுக்கும். வெளக்குக்குக் காத்து கெடைக்காது. தீயில பட்டா அதுதான் கண்ணு, தொண்டைய எரிக்கும். நீ எறங்காத. மூச்சு நின்னுடும்."

"போடா. ஒன் காலத்துலயும் கேஸு அங்கதான் வுட்டீங்க. ஒங்க மாமா பொழுதன்னிக்கும் அதுலதான் கெடந்தாரு. அவருக்கு என்னா ஆச்சி?"

கார்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன்.

"ஏன்டா தம்பி பேச மாட்டேங்கற?"

"அக்கா, அதனாலதான் மாமா செத்தாரு."

அந்தப் பக்கம் லாரி ஒன்று போகும் சத்தம் கேட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸைச் சொன்னேன். ஏசி போட்டுவிடட்டுமா என்று நான் கேட்டதையும், போடு மாப்ள என்று அவர் சொன்னதையும் சொன்னேன். சில்லென்று இருந்தது எதனால் என்றும் சொன்னேன். அழுதேன். "எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா அன்னிக்கி எனக்குத் தெரியாது."

அக்கா அழவில்லை. "அன்னிக்கித் தெரியாது. சரி. எப்பத் தெரிஞ்சிது?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். "நாலு வருசம் ஆவுதுக்கா."

"பாபு வந்து ரெண்டு வருசம் ஆவுது. ஏசி வேலதான்னு நாந்தான் ஒங்கிட்ட சொன்னேன். சொன்னனா இல்லியா?"

"சொன்ன."

"ரெண்டு வருசத்துல எத்தினி அமாவாசடா தம்பி? முட்டியப் புடிச்சிக்கிட்டு நானு அதுல எறங்குனேன். நீ பாம்பு இருக்கும்னு சொன்ன."

நான் அக்கா, அக்கா என்றேன்.

"அவரு போனது தெரியாம நடந்தது. அதுக்கு ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். நானு எறங்குனது ஒனக்குத் தெரியும்." பிறகு, "போன வையி" என்றாள். நான் வைக்கவில்லை. அவள்தான் வைத்தாள்.

யாழினி அறைக்குள்ளிருந்து வந்து தண்ணீர் எடுத்தாள். பதிமூன்று வயது. காதில் பாட்டு மாட்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்து ஒரு பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டு, அத்தை நல்லா இருக்காங்களா என்று இங்கிலீஷில் கேட்டாள். அன்றைக்குப் புத்தகத்தைப் படித்துச் சொன்னது அவளுக்கு நினைவு இருக்குமா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை. நல்லா இருக்காங்க என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

7

செவ்வாய்க்கிழமை பாபுவின் போனுக்குக் கூப்பிட்டேன். இதற்கு முன் அவனோடு நான் பேசியதே இல்லை. என் பெயரைச் சொன்னதும் கொட்டினான்.

"அண்ணே, நேத்து காலைல அக்கா ரெண்டு டிராக்டரு பீங்கான் சல்லிய கொண்டாந்து குழியில கொட்டிட்டாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. வண்டி மேல நின்னுக்கிட்டு இருந்துது, தள்ளுடான்னாங்க. ஒடஞ்ச அகலு, ஃப்யூஸ் கட்டை, பொம்ம, எல்லாம் வெள்ளையா. மேல வரைக்கும் ரொப்பி மிதிச்சி வுட்டாங்க. நானு இனிமே எங்கண்ணே வேல பாக்கறது?"

"கேஸை இனிமே எங்க வுடுவ?"

"வெளியதான். முன்னாடியும் அங்கதான் வுட்டேன், தூசி பறக்குதுன்னு மூணு மாசமாத்தான் குழியில வுட்டுக்கிட்டு இருந்தேன்."

"பறந்தாப் பறக்கட்டும். ஆளு பக்கத்துல இல்லாம, தெறந்த எடத்துல வுடு. குழி இருக்கற எவன் பட்டறையிலயும் வுடாத. மத்தவங்களுக்கும் சொல்லு." சொல்லிவிட்டு, "அக்கா எங்கிட்ட ஏதாவது சொல்லச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. ஒண்ணும் சொல்லல."

மற்றவர்களுக்கும் சொல் என்று பாபுவிடம் சொன்னேன் அல்லவா, இதை நான் எழுதுவதும் அதற்காகத்தான். பெண்ணாடம் ரோட்டிலும் ஜங்ஷன் ரோட்டிலும் குழி வைத்துக்கொண்டு ஏசி வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், குழாயைக் குழிக்குள் தொங்க விடாதீர்கள். மெஷின் இல்லை என்றால் வெட்ட வெளியிலாவது விடுங்கள். அதுவும் தப்புதான், இந்த ஊரில் அதற்கு அபராதம் உண்டு. ஆனால் குழிக்குள் விட்டால் கீழே இருக்கிறவர் சிரித்துக்கொண்டே சாவார். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

புதன்கிழமை அமாவாசை. இங்கே வேலை முடிந்து, கையைக் கழுவாமல், பட்டறை வாசலில் நின்றுகொண்டே அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். எடுத்தாள்.

"வெளக்கு ஏத்துனியாக்கா?"

"ஏத்துனேன்."

"எங்க?"

"வூட்டுல. படத்துக்கு முன்னால."

முட்டி வலி எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை. அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

"அணையலடா" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.